பிளக்கைக் கழற்றிப் பார்க்காத நாள்

மலேசியாவின் செப்பாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு இழுவை லாரியில் வரும்போது 300 கிலோமீட்டருக்கு மேல் பேச எதுவும் இருக்காது. லாரி ஓட்டிய அபாங் (மலாயில் அண்ணன்) எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வானொலிச் சத்தத்தைக் குறைத்தார். நண்பன் கைப்பேசியில் பழைய எஞ்சின் விலைகளைத் தேடிக்கொண்டிருந்தான். நான் பின்கண்ணாடி வழியே மேலே கட்டியிருந்த காரையே பார்த்துக்கொண்டு வந்தேன். தப்பு அதன்மேல் இல்லை என்று அப்போதே தெரியும். எங்கே செய்தோம் என்பதுதான் தெரியாது.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு வேலை சிலேத்தாரில், விமானப் பராமரிப்பு. அங்கே ஒரு திருகைக் கழற்றினாலும் கையெழுத்துப் போடவேண்டும், எடுத்த ஸ்பேனரைத் திருப்பி வைக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நண்பன் உயர்நிலைப் பள்ளியில் கூடப் படித்தவன். அவனிடம் 15 வருட வயதான ஜப்பான் கார் ஒன்று இருக்கிறது. இரண்டு லிட்டர் டர்போ, நான்கு சக்கரத்துக்கும் இழுவை. சிஓஇ, அதாவது கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ், முடிந்தபோது விற்றுவிடு என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள், அவன் புதுப்பித்துவிட்டு வந்து நின்றான். காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் டியூன் செய்து, சக்கரத்தில் அளந்தபோது 300 குதிரைத்திறன் வந்தது. அதை எங்கே ஓட்டிப் பார்ப்பது?

சிங்கப்பூரில் இடம் கிடையாது. 1961லிருந்து 1973 வரை தாம்சன் சாலையில் கிராண்ட் பிரீ நடந்த ஊர்தான் இது. இப்போது வருடத்துக்கு ஒருமுறை ஃபார்முலா ஒன் வரும், சீட்டு வாங்கிக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்கலாம். ‘ராத்திரி இரண்டு மணிக்கு லிம் சூ காங் பக்கம் காலியாத்தானே இருக்கும்’ என்று கேட்கும் தம்பிகள் உண்டு. பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் ஓட்டுநர் உரிமம் மட்டுமில்லை, காரையே பறிமுதல் செய்ய இங்கே சட்டம் இருக்கிறது. அதை விடுங்கள். சாலையில் எதிரே வருகிறவனுக்கு நீங்கள் பந்தயம் ஓட்டுகிறீர்கள் என்று தெரியாது. ஆகவே செப்பாங். அங்கே பந்தயத்தடத்தின் நேர்பாதையை டிராக் (drag) போட்டிக்கு, அதாவது இரண்டு கார்கள் நின்ற இடத்திலிருந்து கால் மைல், 402 மீட்டர், நேராகப் பாயும் பந்தயத்துக்குத் திறந்துவிடும் நாட்கள் உண்டு.

முதல் தடவை போனபோது எங்களுக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை. பக்கத்து வரிசையில் ஒரு பழைய புரோட்டான் சத்ரியா. கதவில் பெயின்ட் உரிந்திருந்தது, முன் சக்கரத்தில் மட்டும் கறுப்பாக, பள்ளமே இல்லாத ஸ்லிக் டயர். நண்பன் என்னைப் பார்த்துச் சிரித்தான். 402 மீட்டர் முடிந்தபோது சத்ரியா எங்களுக்கு இரண்டு கார் நீளம் முன்னால் இருந்தது.

ஓட்டம் முடிந்ததும் மளிகைக்கடை ரசீது மாதிரி ஒரு சீட்டு தருவார்கள். எங்களுடையதில் மொத்த நேரம் 13.31 விநாடி, கடைசி வேகம் மணிக்கு 173 கிலோமீட்டர். சத்ரியாக்காரரிடம் கேட்டு அவருடையதையும் வாங்கிப் பார்த்தேன். கடைசி வேகம் எங்களைவிடக் குறைவு. அப்புறம் எப்படி ஜெயித்தார்? சீட்டின் மேல்பகுதியில் முதல் 60 அடி, அதாவது 18 மீட்டருக்கான நேரம் இருக்கும். எங்களுக்கு 2.15 விநாடி, அவருக்கு 1.8க்குக் கீழே. அந்த 18 மீட்டரிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. மீதி 384 மீட்டர் நாங்கள் துரத்தினோம், அவ்வளவுதான்.

புதிதாகப் போகிறவர்கள் சீட்டில் மொத்த நேரத்தை மட்டும் பார்ப்பார்கள். கடைசி வேகம் எஞ்சினின் கதையைச் சொல்லும், முதல் 60 அடி டயர், கிளச், வலதுகால் மூன்றின் கதையைச் சொல்லும். வேகம் நன்றாக இருந்து நேரம் மோசமாக இருந்தால் பட்டறைக்குப் போய் இன்னும் 50 குதிரை வாங்காதீர்கள். தொடக்கத்தில் 0.1 விநாடி மிச்சம் பிடித்தால் முடிவில் அது ஒன்றரை மடங்காவது ஆகித் திரும்பும். அன்று மாலைக்குள் நாங்கள் செய்தது இரண்டே வேலை. டயர் காற்றை 34 பிஎஸ்ஐயிலிருந்து 28க்கு இறக்கினோம். நண்பன் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் இருக்கும்போது கிளச்சைச் சட்டென்று விடுவதை நிறுத்தி, 4,800இல் கொஞ்சம் வழுக்கவிட்டுப் பிடிக்கப் பழகினான். 60 அடி 1.86 ஆனது, மொத்தம் 12.84, கடைசி வேகம் 174. எஞ்சினைத் தொடவே இல்லை. (கிளச் நாறியது உண்மை. வெயிலில் கருவாடு கருகின மாதிரி.)

இன்னொன்றும் அன்றுதான் புரிந்தது. விளக்குக் கம்பத்தை ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்பார்கள். பச்சை விழுந்ததும் கடிகாரம் ஓடாது, உங்கள் முன்சக்கரம் ஒளிக்கற்றையை விட்டு விலகும்போதுதான் ஓடும். பச்சையைப் பார்த்து அரை விநாடி தூங்கிவிட்டுக் கிளம்பினாலும் மொத்த நேரம் கெடாது, ஆனால் பக்கத்துக்காரன் போயிருப்பான். மெதுவான கார் வேகமான காரை ஜெயிப்பது இப்படித்தான். தனியாக நேரம் பார்க்கப் போனால் அவசரமே வேண்டாம், போட்டி என்றால் கண்ணும் காலும் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பழக நினைத்தால் இரண்டும் வராது.

இதற்கு நடுவே டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிட்னிக்குப் போனேன். அக்கா பெண்டில் ஹில்லில் இருக்கிறாள். தெருமுனையில் தோசை, அடுத்த கடையில் கருவேப்பிலை, வெளிநாடு வந்த மாதிரியே இருக்காது. அங்கிருந்து காரில் கொஞ்ச தூரத்தில் ஈஸ்டர்ன் கிரீக், டிராக் பந்தயத்துக்கென்றே கட்டிய தடம். அக்கா மகன் “மாமா, டாப் ஃபியூவல் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டான். காணொளியில் பார்த்திருக்கிறேன் என்றேன். அவன் சிரித்த சிரிப்புக்கு அர்த்தம் ராத்திரிதான் தெரிந்தது.

டாப் ஃபியூவல் என்பது டிராக் பந்தயத்தின் உச்ச வகை. அந்தக் காரில் எட்டு சிலிண்டர், 8.2 லிட்டர், 11,000 குதிரைத்திறனுக்கு மேல். அதன் ஒரு சிலிண்டர் மட்டும் எங்கள் முழுக் காரைப்போல நாலு மடங்குக்கு மேல் சக்தி தருகிறது. ரகசியம் எரிபொருளில் இருக்கிறது. 90 சதவீதம் நைட்ரோமீத்தேன், மீதி மெத்தனால். பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால் ஒரு கிலோவுக்கு 1.7 கிலோ காற்றே போதும். எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலில் உள்ள ஆற்றலில் கால்பங்குதான் அதற்குள் இருக்கிறது. ஆனால் அதே காற்றில் எட்டு மடங்குக்கு மேல் எரிக்கலாம். கால் பங்கை எட்டால் பெருக்கினால் இரண்டு மடங்கு. கோப்பிக்கடை டிஷ்யூவில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான்.

ஓட்டத்துக்கு முன்பு பிட்டில் (கார்களைத் தயார்செய்யும் இடம்) எஞ்சினைச் சூடாக்கும்போது பின்னால் போய் நின்றேன். குழுவினர் வாயு முகமூடி போட்டிருந்தார்கள். ஏன் என்று யோசிப்பதற்குள் மூக்கில் மிளகாய் வற்றலை வறுத்த மாதிரி ஏறியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அக்கா மகன் நான் அழுவதைப் படம்பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். அம்மா உடனே அழைத்து, “என்னப்பா ஆச்சு, யாரு என்ன சொன்னா?” என்றார்.

ராத்திரி ஓட்டத்தை எப்படிச் சொல்வது? சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்கூட்டில் கேட்டது. காதடைப்பான், அதன்மேல் உறை, இரண்டும் போட்டிருந்தேன். புகைக்குழாய்களிலிருந்து ஆளுயரத்துக்கு நெருப்பு எழுந்தது. தூரம் 1,000 அடி, 305 மீட்டர். முன்பு கால் மைலாக இருந்ததை, 2008இல் அமெரிக்காவில் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் இறந்த பிறகு குறைத்தார்கள். அந்தத் தூரத்தை நாலு விநாடிக்குள் முடித்து, மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டி, பின்னால் பாராசூட் விரிய நின்றுவிடுகிறது. நான் கண் சிமிட்டியது எப்போது என்றுகூட நினைவில்லை.

என்னை உண்மையில் கட்டிப்போட்டது சக்தியில்லை, அதைத் தரைக்குக் கொண்டுசேர்க்கும் விதம். அந்தக் காரில் கியர்மாற்றும் பெட்டியே கிடையாது. பல தட்டுக் கிளச் ஒன்று இருக்கிறது. கிளம்பும்போது வேண்டுமென்றே வழுக்கி, நொடியின் பின்னக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, பாதி வழியில்தான் முழுதாகப் பிடிக்கும். பின்டயரில் காற்று 7 பிஎஸ்ஐக்குப் பக்கம். சைக்கிளுக்குக்கூட அதைவிட அதிகம் அடிப்போம். கிளம்பும் கணத்தில் டயரின் பக்கச்சுவர் துணி மாதிரி மடிந்து சுருங்குகிறது, சக்கரம் சின்னதாகிறது, அது முதல் கியர் மாதிரி வேலை செய்கிறது. வேகம் ஏற ஏற சுழற்சியில் டயர் நீண்டு உயர்கிறது, இப்போது அதுவே மேல் கியர். நாங்கள் 34ஐ 28 ஆக்கிவிட்டுப் பெருமைப்பட்டது ஞாபகம் வந்து கூச்சமாக இருந்தது.

இந்த வகைக் கார்களில் ஓட்டுநர் எஞ்சினுக்கு முன்னால் உட்காருவதற்கும் ஒரு காரணம் உண்டு. 1970இல் டான் கார்லிட்ஸ் என்ற ஓட்டுநரின் காரில், அவர் கால்களுக்கு நடுவே இருந்த டிரான்ஸ்மிஷன் வெடித்து, வலது பாதத்தில் ஒரு பகுதியைக் கொண்டுபோய்விட்டது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடியே எஞ்சினைப் பின்னால் தள்ளும் வடிவத்தை யோசித்தார். அடுத்த வருடமே அந்தக் காரில் ஜெயித்தார். பிறகு எல்லாரும் அந்த வழிக்கு வந்துவிட்டார்கள்.

ஓட்டம் முடிந்து கார் பிட்டுக்குத் திரும்பியதும் ஏழெட்டுப் பேர் எஞ்சினைப் பிரித்தார்கள். ஒரு மணிநேரத்துக்குள் சிலிண்டர் தலைகள் இறங்கின, பிஸ்டன்கள் வெளியே வந்தன, கிளச் தட்டுகள் மாறின. இத்தனைக்கும் நாலு விநாடியில் அந்த எஞ்சின் சுற்றியது 500 சுற்றுதான், கூடக்குறைய. எங்கள் கார் சிவப்பு விளக்கில் ஒரு நிமிடம் சும்மா நின்றாலே அதைவிட அதிகம் சுற்றிவிடும். ஒரு பெரியவர் மட்டும் எதையும் கழற்றவில்லை. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பேரிங் உறைகளையும் ஸ்பார்க் பிளக்குகளையும் சிலிண்டர் வரிசைப்படி வைத்துக்கொண்டு, நெற்றி விளக்கில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணினி வரைபடமெல்லாம் பக்கத்திலேயே இருந்தது. அவர் முதலில் பார்த்தது உலோகத்தை.

இதை நான் காக்கி புக்கிட் கோப்பிக்கடையில் ஒரு மூன்று மாதம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டறைத் தவுக்கே (முதலாளி) சலித்துப்போய், “உன் காரில் எப்போதாவது பிளக் கழற்றிப் பார்த்தாயா?” என்று கேட்டார். பேச்சை மாற்றினேன்.

அப்புறம்தான் அந்த நாள். சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்ட முக்கால் டேங்க் எண்ணெய் இருக்கவேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். போகிறவழியில் 300 கிலோமீட்டர் எரித்து, செப்பாங் சேரும்போது கால் டேங்குக்கு வந்துவிட்டது. “நிரப்பாதடா, எடை குறைவா இருக்கட்டும்” என்றான் நண்பன். எனக்கும் அது சாமர்த்தியமாகத்தான் பட்டது. கொஞ்சமாக ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றினோம். அங்கே வெளிநாட்டுக் காருக்கு 95 ஆக்டேன் பெட்ரோல் கிடையாது, எளிதில் கிடைப்பது 97. எங்கள் டியூன் சிங்கப்பூரின் 98க்குப் போட்டது. ஒரே ஒரு எண்தானே என்று விட்டுவிட்டோம். மதியம் 33 டிகிரி, தடத்தில் கைவைக்க முடியவில்லை. காற்று 10 டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி 3 சதவீதத்துக்கு மேல் குறையும். பெட்ரோல் நிலையத்தில் ஐஸ் மூட்டை வாங்கி, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர்மேல் வைத்துவிட்டு அதற்கும் பரிகாரம் கண்டுவிட்டதாக நினைத்தோம்.

முதல் ஓட்டம் 12.79. கத்தினோம், கட்டிப்பிடித்துக்கொண்டோம். இரண்டாவது 12.83, ஆனால் கடைசி வேகம் 174இலிருந்து 171க்கு இறங்கியிருந்தது. “வெயில்” என்றேன் நான். அது என் வாயிலிருந்து வந்த வார்த்தை, அதனால் நினைவிருக்கிறது. மூன்றாவது ஓட்டத்தில் மூன்றாம் கியர் முடியும் இடத்தில் சத்தம் ஒரு கணம் கம்மியது, விக்கல் மாதிரி. பெரிய வெடிப்பெல்லாம் இல்லை. பின்னால் நீலப்புகை. அவ்வளவுதான்.

தவுக்கே மூன்றாவது சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, ஒன்றும் சொல்லாமல் என் கையில் வைத்தார், கூடவே உருப்பெருக்கியையும். வெள்ளைப் பீங்கான்மேல் மிளகுப்பொடி தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள், நடுவே மின்னும் வெள்ளிப் பொட்டுகள். பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். பிஸ்டனைக் கழற்றியபோது ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் விளிம்பில், வெட்டிய நகத்துண்டு அளவுக்கு ஒரு சில்லு காணவில்லை. சில்லு போன இடம் கூர்மையாக, பளபளவென்று புதிதாக இருந்தது. ஆனால் பிளக்கின்மேல் இருந்த பொட்டுகள் ஒரே ஓட்டத்தில் வந்தவை அல்ல, அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. இரண்டாவது ஓட்டம் முடிந்து நாங்கள் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தபோதே அவை அங்கே இருந்திருக்கின்றன. பிளக்கைக் கழற்ற பத்து நிமிடம் ஆகும். ஸ்பேனர் பையிலேயே இருந்தது.

காரணம் ஒன்றல்ல. டேங்கில் எண்ணெய் குறைவாக இருந்தால், கார் பாயும்போது அது பின்னால் ஒதுங்கும், பம்பு ஒரு கணம் காற்றை உறிஞ்சும். எரிபொருள் குறைந்து கலவை மெலியும், எரியறை கொதிக்கும். 97 போட்டதால் பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் எல்லையும் குறைந்திருந்தது. மேலே வெயில். தனித்தனியாக வந்திருந்தால் எஞ்சின் மூன்றையும் சமாளித்திருக்கும். மிச்சம் பிடித்த 20 கிலோ எடைக்கு மிஞ்சிப்போனால் 0.05 விநாடி கிடைத்திருக்கும். செலவு 8,000 சிங்கப்பூர் வெள்ளி. இழுவை லாரி தனி, ஜோகூரில் ஒரு லாரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியதில் 900 வெள்ளி. காப்பீட்டு நிறுவனத்தை அழைத்தபோது, பந்தயத்தடத்தில் நடந்தது எதற்கும் பாதுகாப்பு இல்லை என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதே என்று பொறுமையாகச் சொன்னார்கள். எழுதித்தான் இருந்தது. உங்கள் பத்திரத்திலும் இருக்கும், போகுமுன் ஒருமுறை படித்துவிடுங்கள், திரும்பிவர ஒரு லாரிக்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

வீட்டில் நண்பனின் மனைவி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “அண்ணே, ஆஃபீஸ்ல பிளேனையும் இப்படித்தான் பாப்பீங்களா?” பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போனபோது ஆய்வுச் சீட்டில் கையெழுத்துப் போடக் கை கொஞ்சம் தயங்கியது.

எஞ்சின் கட்டி முடிய நாலு மாதம். இப்போது காரில் எரிபொருள் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் ஒன்று இருக்கிறது, 200 வெள்ளிக்கு உள்ளேதான். தடத்தில் அரை டேங்குக்குக் கீழே விடுவதில்லை. 97க்கென்று தனி டியூன், தீப்பொறி நேரத்தைச் சற்றுப் பின்தள்ளிப் போட்டது. குதிரை கொஞ்சம் குறைந்தது, நண்பன் இன்னும் அதைச் சொல்லிப் புலம்புகிறான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நோட்டில் ஒரு வரி: வெப்பம், டயர் காற்று, 60 அடி, கடைசி வேகம். கடைசி வேகம் காரணம் தெரியாமல் 2 கிலோமீட்டர் இறங்கினால் அடுத்த ஓட்டம் இல்லை, வரிசையில் நமக்கு முன்னால் ஒரே ஒரு கார் நின்றாலும் சரி. சக்கரத் திருகுகளை, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து நான் இறுக்குவேன், அவன் தனியாக ஒருமுறை சரிபார்ப்பான். ஒருவரே இரண்டையும் செய்யக்கூடாது என்பது சிலேத்தாரில் கற்றது.

போன தடவை போனபோது மாலை ஓட்டங்களுக்காகக் காத்திருந்தோம். முதல் ஓட்டம் முடிந்ததும் பழைய தமிழ் முரசு ஒன்றைத் தரையில் விரித்து, நாலு பிளக்கையும் வரிசைப்படி வைத்து, கைவிளக்கில் பார்த்தேன். நண்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “டேய், கூப்பிடுறாங்கடா” என்றான். “கூப்பிடட்டும்” என்றேன். நாலும் ஒரே மாதிரி, பால் கலந்த கோப்பி நிறம். ஒரு பொட்டு இல்லை. திரும்ப மாட்டிவிட்டு, சரி போ என்றேன்.

12.71. இதுவரை எங்கள் காரின் மிகச்சிறந்த நேரம். பக்கத்து வரிசையில் இருந்தவர் 13க்கு மேல்தான். ஆனால் எங்கள் பக்கம் மரத்தில் எரிந்தது சிவப்பு. பச்சைக்கு முன்பே கிளம்பிவிட்டான் படுபாவி. பாகோ ஓய்விடத்தில் நிறுத்தி நாசி லெமாக் சாப்பிடும்போதும், விளக்குக் கம்பத்தில்தான் ஏதோ கோளாறு என்று சாதித்துக்கொண்டிருந்தான்.